கேப் போட்ட பல் மறுபடி வீங்கிவிட்டது: கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

தென் கெடாவில் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து 41 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. இவர் பாலர் பள்ளியில் உதவியாளர். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்ததும், பட்டணத்துக் கடைவரிசையில் இருக்கும் தனியார் பல் கிளினிக்குக்குக் கணவரோடு போயிருக்கிறார். "ரூட் கேனல் செஞ்சு கேப் போட்டுடலாம், மூணு தடவை வரணும், எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி" என்று முதல் நாள் பார்த்த மருத்துவர் சொன்னார். (ரூட் கேனல் என்பது பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது, கேப் என்பது அதன்மேல் போடும் உறை.) 400 வெள்ளி முன்பணம் கட்டினார்கள். அடுத்த தடவை வேறு மருத்துவர், அதற்கடுத்து இன்னொருவர். ஒரு தடவை மருத்துவர் பாதியில் எழுந்து போய்விட, உதவிக்கு நின்ற மிஸ்ஸியே பல்லில் மருந்தை அடைத்து அனுப்பினார். கடைசி நாள் கவுண்டரில் மொத்தம் 1,850 வெள்ளி என்றார்கள். "வேர்க்குழாய் ஒண்ணு கூடுதலா இருந்துச்சு, கேப்பும் நல்ல ரகம்" என்று காரணம் சொன்னார்கள். வேறு வழி தெரியாமல் கட்டிவிட்டார்.

ஒரு மாதத்தில் அதே இடத்தில் வீக்கம். போய் இரண்டு மணி நேரம் காத்திருந்ததற்கு ஐந்து நிமிடப் பார்வையும் ஒரு பட்டை மாத்திரையும் கிடைத்தன. வீக்கம் வடிந்து மறுபடி வந்தபோது, திரும்பத் திறந்து செய்ய இன்னும் 900 வெள்ளி ஆகும் என்றார்கள். எக்ஸ்ரே நகல் கேட்டதற்கு "அது கிளினிக் சொத்து", கேள்வி கேட்டதற்கு "கூகிள் பார்த்துட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்று பதில். கோபத்தில் தாமான் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டிருக்கிறார். மறுநாளே கிளினிக்கிலிருந்து "கேஸ் போடுவோம்" என்று போன். கணவரோ, "நாம தோட்டத்து ஆளுங்க, டாக்டரை எதிர்த்து என்ன கிழிச்சிடப் போறோம், விடு" என்கிறாராம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா, மருத்துவரின் படத்தோடு பேஸ்புக்கில் போடலாமா, ஆங்கிலப் பாரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் போயிற்றா, மாமியாரின் பல்செட்டுக்கு அங்கே கட்டிய 300 வெள்ளி முன்பணம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. பல்லைப் பற்றி, "இப்போதும் லேசாக வீங்கித்தான் இருக்கிறது" என்று ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கவலை தருகிறது.

முதலில் பல், அப்புறம் வழக்கு

நான் வழக்கறிஞர், பல் மருத்துவர் அல்ல. ஆனால் பல் வழக்குகளில் நிபுணர்களின் அறிக்கைகளைப் படித்த அளவில் ஒன்று தெரியும். வேரடியில் தங்கிய கிருமியை மாத்திரை கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். மூலகாரணம் உள்ளேயே இருக்கும். தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கினாலோ, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கிளினிக் திறக்கும் வரை காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நள்ளிரவானாலும் சரி.

அப்படி எதுவும் இல்லையென்றால், இந்த வாரமே வேறொருவரிடம் காட்டுங்கள். "கவர்மென்ட்டில் பல்லைப் பிடுங்கத்தான் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய பேச்சு. அரசுப் பல் கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளியில் பதிவாகிவிடும். ரூட் கேனலும் செய்கிறார்கள். சிக்கலான கடைவாய்ப் பல் என்றால் நிபுணருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். வரிசை நீளம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நோயைக் கண்டறிந்து எழுதிக்கொடுக்க அந்த நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உங்கள் பகுதியிலிருந்து போகக்கூடிய தூரத்தில், பீடோங் பக்கம் செமிலிங்கில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவும் இருக்கிறது. அங்கே விரிவுரையாளர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு படியையும் ஒருவர் சரிபார்ப்பார்.

எங்கே போனாலும் "முன்பு பார்த்தவர் தப்புச் செய்தாரா?" என்று கேட்காதீர்கள். சக மருத்துவரைப் பற்றி அப்படிக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "இப்போது பல் எந்த நிலையில் இருக்கிறது, காப்பாற்ற முடியுமா, எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புதிய எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். பல்லைப் பிடுங்கிவிட்டாலோ, திறந்து மறுபடி செய்துவிட்டாலோ, பழைய வேலை எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

தோற்றுப்போன சிகிச்சையும் சொல்லாத சிகிச்சையும்

ரூட் கேனல் செய்த பல் மறுபடி வீங்கினாலே அலட்சியம்தான் என்று நினைக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று வேர்க்குழாய்கள், சிலருக்கு நான்கு. எல்லாம் மெல்லியவை, வளைந்தவை. கவனமாகச் செய்தும் ஒன்று தப்பிவிடலாம், வேர் விரிசல் விட்டிருக்கலாம், கேப் போடுவதற்குள் கிருமி புகுந்திருக்கலாம். நல்ல மருத்துவர்களின் கையிலும் இது நடக்கிறது.

ஆனால் நடந்த எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஃபூ ஃபியோ நா என்ற நோயாளியின் வழக்கில், சிகிச்சையில் உள்ள முக்கியமான அபாயங்களை நோயாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மற்ற மருத்துவர்கள் சொல்வார்களா மாட்டார்களா என்பது அங்கே கடைசி வார்த்தை ஆகாது. 2017-இல் அதே நீதிமன்றம் இரண்டையும் பிரித்துக் காட்டியது: சிகிச்சை சரியா என்பதை மருத்துவத் துறையினரின் நியாயமான கருத்தை வைத்து எடைபோட வேண்டும், நோயாளியிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை நீதிமன்றமே பார்க்கும். ஆகவே "சிகிச்சை சரியில்லை" என்று நிரூபிக்க உங்களுக்கு நிபுணர் சாட்சி தேவை. "தோற்கவும் வாய்ப்புண்டு, தோற்றால் 900 வெள்ளி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை" என்ற புகார் அப்படியல்ல. என்ன சொன்னார்கள், என்ன சொல்லவில்லை என்பதற்கு நீங்களும் கூட இருந்த உங்கள் கணவருமே சாட்சிகள்.

விலை விஷயத்திலும் இப்படித்தான். 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டமும் அதன்கீழ் 2006-இல் வந்த விதிகளும் தனியார் பல் கிளினிக்குகளுக்கும் பொருந்தும். கட்டண மதிப்பீட்டை முன்கூட்டியே அறிவதும், எதற்கு எவ்வளவு என்று பிரித்த பில் கேட்பதும் உங்கள் உரிமை. கூடுதல் வேர்க்குழாய் இருப்பது நடுவில்தான் தெரிந்திருக்கலாம், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதற்காக விலை ஏறுகிறது என்று அப்போதே சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். கேப்பின் ரகமோ நடுவில் தெரியவரும் சமாசாரமே அல்ல. வாய்க்குள் வைப்பதற்கு முன்பு கேட்டிருக்கலாம்.

"எழுத்தில் எதுவும் இல்லை" என்கிறீர்கள். ஆனால் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: இரண்டாவது தடவை போவதற்கு முன் கிளினிக் எண்ணுக்கு "பாக்கி 800தானே?" என்று வாட்ஸ்அப் அனுப்பினீர்கள், அவர்கள் கட்டைவிரல் குறி போட்டார்கள். 400-உம் 800-உம் 1,200. உங்களிடம் இருக்கும் ஆகப் பெரிய ஆதாரம் அந்தக் கட்டைவிரல்தான். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மகனின் போனுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள். போன் மாற்றும்போதுதான் பாதிப் பேரின் வழக்கு காணாமல் போகிறது.

கையெழுத்தும் எக்ஸ்ரேயும்

நாற்காலியில் சாய்ந்தபடி போட்ட அந்தக் கையெழுத்துக்காக ரொம்ப வருந்தாதீர்கள். சிகிச்சை செய்ய அனுமதி கொடுத்தீர்கள் என்பதற்கு அது ஒரு சான்று. என்னவென்று விளக்கினார்கள் என்பதற்கு அது முழுச் சான்று ஆகிவிடாது. கவனக்குறைவாகச் செய்ய அனுமதி கொடுத்ததாக அதற்குப் பொருளும் இல்லை. புரியும் மொழியில் விளக்கினார்களா என்ற கேள்வி அப்போதும் நிற்கும். அந்தப் பாரத்தின் நகலையும் கேளுங்கள். அதில் தொகை எழுதியிருக்கிறதா, அது எப்போது எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரே கிளினிக் சொத்து என்று அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. பதிவேடு அவர்களுடையதுதான், மூலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டணம் கட்டிச் சிகிச்சை அறிக்கை கேட்டால் காரணமில்லாமல் மறுக்கக் கூடாது. இதோடு 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உங்களைப் பற்றி அவர்களிடம் உள்ள தகவலை எழுத்தில் கேட்டு, அதற்குரிய சிறு கட்டணத்தைக் கட்டினால், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். கவுண்டர் பெண்ணிடம் வாயால் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மலாயில் அரைப் பக்கம் போதும்: பெயர், அடையாளக் கார்டு எண், போன தேதிகள், வேண்டியவை. வேண்டியவை எக்ஸ்ரே நகல், சிகிச்சைக் குறிப்பு, கையெழுத்துப் போட்ட பாரம், பிரித்த பில், ஒவ்வொரு தடவையும் பார்த்த மருத்துவரின் முழுப்பெயர்.

அந்தக் கடைசி விவரம் முக்கியம். மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். யார் எதைச் செய்தார் என்று தெரியாமல் யார் மீதும் புகார் எழுத முடியாது. "சின்னப் பையனாகத் தெரிந்தார், உண்மையிலேயே டாக்டரா?" என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். வயதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின், அதாவது மஜ்லிஸ் பெர்கிகியான் மலேசியாவின், இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். பதிவோடு, அந்தந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழும் இருக்க வேண்டும்.

மிஸ்ஸி விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு வந்து வரிசையாக வாயைத் திறக்கச் சொன்ன பல் மிஸ்ஸிகள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கென்றே 1949-இல் பினாங்கில் பள்ளி திறந்தார்கள். அந்த வழியில் வந்த பல் சிகிச்சையாளர்கள் 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்று, பல் மருத்துவரின் மேற்பார்வையில் வரையறுத்த வேலைகளைத் தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். சாமான் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் பல்லில் மருந்து அடைப்பது வேறு கதை. உங்களுக்குச் செய்தவர் யார் என்பது தெரியும் வரை "மிஸ்ஸி செய்தார், அதனால் சட்டவிரோதம்" என்று எங்கும் எழுதாதீர்கள். "மருத்துவர் அறையில் இல்லாதபோது இவர் இதைச் செய்தார்" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை விட்டுவிடுங்கள். ஐந்து வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம் என்று யாரோ சொன்னது சரிதான். ஆனால் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், மருத்துவத் தொழிலர்களும் மருத்துவ நிலையங்களும் தரும் சுகாதாரச் சேவைக்குப் பொருந்தாது என்று தன் 2-ஆவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. வாஷிங் மெஷினுக்கு உள்ள பாதுகாப்பு கடைவாய்ப் பல்லுக்கு இல்லை. எனக்கும் இது நியாயமாகப் படவில்லை, ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

பல் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் அவர்கள் மருத்துவரின் தொழில் ஒழுங்கை விசாரிப்பார்கள். எச்சரிக்கலாம், இடைநிறுத்தலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். உங்கள் 1,850 வெள்ளியை வாங்கித் தருவது அவர்கள் வேலை அல்ல. கிளினிக் நடத்தும் முறையைப் பற்றிய குறை, அதாவது பில், மறுக்கப்பட்ட பதிவுகள், உதவியாளரைக் கொண்டு சிகிச்சை போன்றவை, அலோர் ஸ்டாரில் உள்ள மாநிலச் சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேரம் காக்க வைத்ததும் கூகிள் பேச்சும் மனதைப் புண்படுத்தியவைதான். புகாரில் ஒரு வரி எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அதுவாக இருந்தால், படிக்கும் அதிகாரி மற்ற அரைப் பக்கத்துக்கு வரமாட்டார்.

பணத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. 5,000 வெள்ளி வரை, நீங்களே பாரம் நிரப்பி, நீங்களே பேசலாம். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. அலட்சியம் என்ற பெரிய வார்த்தையை அங்கே தூக்கிக்கொண்டு போனால் நிபுணர் சாட்சி கேட்பார்கள். அவருடைய கட்டணமே உங்கள் கோரிக்கையைத் தாண்டிவிடும்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நானாக இருந்தால் ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் வாங்கிய 650 வெள்ளியை முதலில் கேட்பேன். கட்டைவிரல் குறி அதற்குப் போதும். இரண்டாவது மருத்துவர் "ஒரு வேர்க்குழாய் தொடப்படவே இல்லை" என்பது போல எழுதிக்கொடுத்தால், அப்போது மறுசிகிச்சைச் செலவையும் சேர்க்கலாம். அவசரப்பட வேண்டாம், தீபகற்பத்தில் இத்தகைய வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு.

அதற்கெல்லாம் முன்னால், கிளினிக்கின் பொறுப்பாளர் பெயருக்கு ஒரு கடிதம். நோயாளிகளின் குறையைக் கேட்க ஒரு முறை வைத்திருப்பது தனியார் நிலையங்களின் கடமை. 14 நாள் தவணை கொடுங்கள். பல தகராறுகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பொறுப்பாளருக்குக் கவுண்டரில் நடந்தது தெரிந்தே இருக்காது. "இலவசமாகத் திரும்பச் செய்து தருகிறோம்" என்பார்கள். நம்பிக்கை போன நாற்காலியில் மறுபடி உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது உங்கள் முடிவு. பணமாகத் தந்தால், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். பல்லின் நிலை தெரிவதற்கு முன் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடிதம் எழுத ஆள் இல்லை என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். தமிழிலேயே பேசலாம். கணவரிடமும் சொல்லுங்கள்: தோட்டத்து ஆளா, டத்தோவா என்று சிறு கோரிக்கைப் பாரத்தில் கட்டம் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப், பேஸ்புக்

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவரின் படத்தைப் போட்டு "போலி டாக்டர்" என்று எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் பதிவு பெற்றவராக இருந்தால் அந்த இரண்டு சொல்லே 1957-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப் போதும். 650 வெள்ளி கேட்கப் போய் பல ஆயிரம் கட்டும் நிலை வரலாம். மூடிய வாட்ஸ்அப் குழுவும் வெளியீடுதான், நூறு பேர் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் குரல் பதிவை நான் கேட்கவில்லை. "இவ்வளவு கட்டினேன், ஒரு மாதத்தில் வீங்கிவிட்டது, எக்ஸ்ரே தரவில்லை" என்று நடந்ததை மட்டும் சொல்லியிருந்தால், உண்மை என்பதே நல்ல தற்காப்பு. போனில் மிரட்டியதற்காகப் பயந்து மன்னிப்புக் கேட்டு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். திட்டியோ ஏமாற்றுக்காரர்கள் என்றோ சொல்லியிருந்தால் நீக்கிவிட்டு, மேற்கொண்டு பேச்சை நிறுத்துங்கள். வக்கீல் கடிதமாகவே வந்தால் குப்பையில் போடாமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் கேட்கலாம். இதே குறைகளைப் பல் மருத்துவ மன்றத்துக்கோ சுகாதார இலாகாவுக்கோ நல்லெண்ணத்தோடு புகாராக எழுதினால் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதே வாக்கியம் பேஸ்புக்கில் போனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

மாமியாரின் பல்செட்

இன்னும் அச்சு எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கிளினிக் இதுவரை எந்த வேலையும் செய்யவில்லை. ரசீதில் "முன்பணம் திரும்பக் கிடையாது" என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும்கூட, தொடங்காத வேலைக்கு முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது அவர்களுக்குச் சுலபமல்ல. பொறுப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் இதைத் தனிப் பத்தியாக, மாமியாரின் பெயரில், அவர் கையெழுத்தோடு கேளுங்கள். உங்கள் பல் தகராறு முடியும் வரை இது காத்திருக்கத் தேவையில்லை. பல்செட் அரசு கிளினிக்கிலும் குறைந்த செலவில் செய்து தருகிறார்கள். உங்கள் பல்லைக் காட்டப் போகும் அன்றே அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள். வீட்டில் யாராவது வருமான வரி கட்டினால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். 2024 வரி ஆண்டிலிருந்து பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 வெள்ளி வரை கழிவு உண்டு.